பலூன் கடைக்கு நாம் செய்த துப்பாக்கிகள்

பேத்திக்கு நேற்று நாலாவது பிறந்தநாள். பலூன் ஊதுவது தாத்தாவின் வேலை என்று வீட்டில் என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள். பாக்கெட்டைப் பிரித்து முதல் பலூனை வாயருகே கொண்டுபோனதும் அந்த வாசனை வந்தது. புது ரப்பரும் அதன்மேல் தூவியிருக்கும் வெள்ளை மாவும் கலந்த வாசனை. அதற்குமேல் என்னால் ஊத முடியவில்லை. எனக்கு மூச்சு வாங்குகிறது என்று மருமகள் நினைத்துக்கொண்டு, பலூனைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. எழுத அவசியம் இருக்கவில்லை. ஆவடியில் நீ, அத்திப்பட்டில் நான், நடுவில் ஒரு பஸ். வாரத்துக்கு ஒரு தரமாவது டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசினோம். உன் கண்ணைப் பற்றிய ஒரு விஷயத்தை மட்டும் முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நான் உன்னிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேரே போய்ச் சொல்ல எனக்கு வராது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். என் லட்சணம் உனக்குத் தெரியாததா.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனியின் டூல் ரூம். நீ கிரைண்டிங், நான் இன்ஸ்பெக்‌ஷன். நீ தேய்த்து அனுப்புவதை நான் அளந்து பார்த்துச் சரி அல்லது தப்பு என்று எழுத வேண்டும். செய்தவனே தன் வேலையை அளந்து பாஸ் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். மற்றவர்கள் சட்டத்தை வாயால் ஒப்புக்கொண்டு, எனக்கு அனுப்புமுன் திருட்டுத்தனமாக நாலு முறை அளந்து பார்ப்பார்கள். நான் எழுதிய பிறகும் போய் அளந்து பார்த்து, சண்டைக்கு வருவார்கள். நீ ஒருவன்தான் அளக்காதவன். தேய்க்கும்போது பார்ப்பதோடு சரி. என் மேஜையில் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பொருளை நீ தொட்டதில்லை. "நீ பாத்துட்டியா? அப்ப சரி" என்பாய். இதில் என்ன பெருமை என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. உன் சோம்பேறித்தனம் என்றுகூட நினைத்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் கேட்டில் பூட்டு விழுந்தது. லாக்கவுட். முதல் மாதம் கேட் வாசலில் கோஷம் போட்டோம், இரண்டாவது மாதம் அங்கேயே சீட்டு ஆடினோம், மூன்றாவது மாதம் கேட்டுக்குப் போகவே வெட்கமாக இருந்தது. அந்தச் சித்திரையில்தான் பூந்தமல்லித் திருவிழாவுக்கு இரண்டு குடும்பமாகப் போனோம். பலூன் சுடும் கடையில் நீ துப்பாக்கியை வாங்கினாய். பத்துக் குண்டு, ஒரே ஒரு பலூன். அதுவும் நீ குறிவைக்காத பலூன். ஜனம் சிரித்தது. நீ சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. துப்பாக்கியைத் திருப்பி, அதன் மூக்கில் குறி பார்க்க வைத்திருக்கும் முள்ளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய்.

"இன்னா நைனா, துப்பாக்கில இன்னா தேடற? பலூன் அந்தாண்ட கீது" என்றான் கடைக்காரன்.

"குறிமுள்ளு கோணலா கீதே."

"அது கோணலா இருந்தாத்தான் என் பொயப்பு நேரா இருக்கும்" என்றான் அவன். ஒளிவுமறைவு இல்லாத மனிதன்.

பஸ் ஏறி, வேலப்பன்சாவடி தாண்டும்போது என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாய். "நாம செய்லாம் மாமே."

"இன்னாத்த?"

"துப்பாக்கி. நேரா சுடற துப்பாக்கி. ஆடியில நாமளே கடை போடலாம். எத்தினி நாளிக்கு இப்டியே கேட்டப் பாத்துகினு குந்திகினு இருக்கறது?"

உன் மனைவி விஜயா முன் சீட்டில் இருந்தாள். திரும்பிப் பார்த்து, "நல்ல ரோசன" என்று மட்டும் சொன்னாள். அவள் பாராட்டினாளா திட்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைத் துப்பாக்கிகளில் இருப்பது ஸ்பிரிங். அந்த மாதிரி ஸ்பிரிங் நமக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் அது அடிக்கும் அடியில் குழல் ஆடும் என்று நீ சொன்னாய். "காத்தே போதும். காத்துக்கு உதைக்கத் தெரியாது, தள்ளத்தான் தெரியும்." காற்றை அடைத்து வைக்க ஒரு டாங்கி வேண்டும். அதை நீ தேடிப் பிடித்த இடம் விஜயாவின் சமையலறை. பம்ப் ஸ்டவ்வின் பித்தளை டாங்கி. பம்பும் அதிலேயே இருக்கிறது, அழுத்தம் தாங்கும் என்று தினமும் காலை காபியில் நிரூபணம் ஆகிறது. நீ ஸ்டவ்வைக் கழற்றிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தபோது அவள் பின்னாலேயே வந்தாள்.

"சோறு எதுல ஆக்கறது?"

"மரத்தூள் அடுப்புல ஆக்கேன், கொஞ்ச நாளிக்கு."

"அடுப்பு இல்லாத ஊட்டுக்குத் துப்பாக்கி ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள். சொல்லிவிட்டு மறுநாள் அந்த டாங்கியைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்ததும் அவள்தான். இரண்டாவது துப்பாக்கிக்கு என் வீட்டு ஸ்டவ் போனது. என் வீட்டில் அதற்கு நடந்த பூசையை இங்கே எழுத மாட்டேன்.

குழலுக்காகப் பாடியில் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கினோம். நீ கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு குழாயாக எடுத்து, வெயிலுக்கு நேரே நீட்டி, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்து, கீழே போடுவாய். "உள்ள நிழலு வளையமா விழுது பாரு. வளையம் முட்டையாத் தெரிஞ்சா கொழா கோணல்." நானும் பார்த்தேன். எனக்கு எல்லாக் குழாயும் குழாயாகத்தான் தெரிந்தது. கருவி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்குக் கண்ணே கருவி. கடைக்காரர் பொறுமை இழந்து, "பாய்லர் செய்யப் போறியா, புல்லாங்கொயல் செய்யப் போறியா?" என்று கேட்டார். இருபது முப்பது குழாய்க்குப் பிறகு இரண்டு குழாய் உனக்குப் பிடித்தது. அதையும் வீட்டில் கொண்டுவந்து, குச்சியில் துணி சுற்றி, இரும்பைத் தேய்க்கும் மணற்பசை தடவி, உள்ளே மூன்று நாள் தேய்த்தாய். டூல் ரூமில் அவ்வளவு அக்கறையாக நீ தேய்த்து நான் பார்த்ததில்லை. துப்பாக்கியின் கட்டைக்கு உடைந்த கட்டில் கால். விரலால் இழுக்கும் குதிரைக்கு சைக்கிள் பிரேக் பிடி.

முதல் துப்பாக்கி சுடவில்லை, தும்மியது. குண்டு குழல் வாயில் எட்டிப் பார்த்து, தொப்பென்று உன் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. காற்று எங்கோ கசிகிறது. அதைக் கண்டுபிடிப்பது என் வேலை. பக்கெட் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்ப்பேன். நான் காட்டுவேன், நீ அடைப்பாய். இங்கே அடைத்தால் அங்கே கிளம்பும். வால்வை மட்டும் ஐந்து தடவை செய்தாய். பாடியில் உனக்குத் தெரிந்த ஒருவரின் லேத்தில், அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் கெஞ்சிக் கடைந்து வந்தாய். கடைசியில் தோல் வாஷரைத் தேங்காய் எண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்ட பிறகு குமிழி நின்றது. நான் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்தது அழுத்தம். ஒரு முறை டாங்கியை நிரப்பிப் பத்துக் குண்டு சுட்டால் முதல் குண்டு சீறிப் போகும், பத்தாவது குண்டு நடந்து போகும். மற்றவன் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பான். "பத்தாவது சுடறவன் இன்னா பாவம் பண்ணான்?" என்று கேட்டாய். ஒவ்வொரு குண்டுக்கும் புதிதாகப் பம்ப் அடிக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று முடிவானது. எண்ணி அடிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தாய். எண்ணுவதற்கும் அளப்பதற்கும் நான், மற்றதற்கெல்லாம் நீ என்று டூல் ரூம் மாதிரியே பின்கட்டிலும் ஆகிவிட்டது.

ஒரு நாள் மதியம் சுவரில் தீப்பெட்டி ஒட்டி, கடையில் நிற்கும் தூரத்தில் நின்று மூன்று குண்டு சுட்டாய். போய்ப் பார்த்தேன். மூன்றும் ஒரே ஓட்டையில் போயிருந்தன. நான் அளவுகோலை எடுத்து அளந்தேன், உனக்காக இல்லை, எனக்கே நம்பிக்கை வரவில்லை. "பாஸ்" என்றேன். நீ துவைக்கிற கல்லில் உட்கார்ந்து லுங்கியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். பூட்டு விழுந்த நாளிலிருந்து உன் முகம் அப்படி இருந்து நான் பார்க்கவில்லை. இவனுக்கு வேலை இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

ஆடித் திருவிழாவுக்கு அதே பூந்தமல்லியில் கடை போட்டோம். பலகை, கோணிப் படுதா, வரிசை வரிசையாகப் பலூன். பத்துக்குப் பத்து அடித்தால் எவர்சில்வர் டம்ளர், அதற்குக் குறைந்தால் சோப்பு டப்பா, சீப்பு, கண்ணாடி. நான் பம்ப் அடித்துக் குண்டு போட்டுக் கொடுப்பேன், நீ பலூன் கட்டுவாய், விஜயா ஊதுவாள்.

யார் சுட்டாலும் பட்டது. கண்ணாடி போட்ட பெரியவர் சுட்டார், பட்டது. வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொடாத பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சுட்டாள், பட்டது. இதென்ன துப்பாக்கி என்று விசாரிக்க வந்த கான்ஸ்டபிள் பத்து சுட்டு, பத்தும் பட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டு சல்யூட் அடிக்காத குறையாகப் போனார். வாழ்நாளில் எதிலும் ஜெயிக்காத ஜனமெல்லாம் நம் கடையில் ஜெயித்தது. உனக்குத் தலைகால் புரியவில்லை. டம்ளர் போகப் போக உன் சந்தோஷம் ஏறிக்கொண்டே போனது. சித்திரையில் நம்மைக் கேலி செய்த அந்தக் கடைக்காரனும் அங்கேதான் இருந்தான், இரண்டு கடை தள்ளி. அவனும் வந்து பத்து சுட்டான். துப்பாக்கியை மெதுவாகப் பலகையில் வைத்து, "ஜோரா செஞ்சிக்கிற அண்ணாத்தே. ஆனா கடை போண்டி" என்றான்.

"சுடறவன் தப்பு பண்ணா பண்ணட்டும். துப்பாக்கி தப்பு பண்ணக் கூடாது" என்றாய் நீ.

வாங்கி வைத்த டம்ளர்கள் மூன்றாம் நாளே தீர்ந்துவிட்டன. நான்காம் நாள் பலகையில் வேறு டம்ளர்கள் இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் புள்ளி புள்ளியாக விஜயா என்று பெயர் வெட்டியிருந்தது. அவளுக்குச் சீராக வந்த பாத்திரங்கள். டம்ளர், பிறகு கிண்ணம், பிறகு தூக்கு. பூந்தமல்லியில் எத்தனையோ வீடுகளில் யார் இந்த விஜயா என்று தெரியாமலே காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். நீ அதைக் கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது. உன் கண் முழுவதும் பலூனில் இருந்தது. உன்னைக் குறை சொல்லவில்லை, நாமெல்லாம் அப்படித்தான் இருந்தோம்.

ஏழாம் நாள் காலை நீ பலூன் வாங்கப் போயிருந்தாய். விஜயா என்னிடம் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ்.

"அண்ணா, இதையும் வச்சிரலாமா? பாத்திரமெல்லாம் தீரப் போவுது. அவரு வாயால கேக்க மாட்டாரு. நானாத்தான் குடுக்கணும்."

"இரும்மா, இன்னிக்கி வேணாம்" என்றேன். அவள் தண்ணீர் எடுக்கப் போன பிறகு, ஒரு மரத்துண்டை வைத்து, இரண்டு துப்பாக்கியின் குறிமுள்ளையும் இடது பக்கமாக ஒரு தட்டுத் தட்டினேன். மயிரிழைதான். பார்த்தால் யாருக்கும் தெரியாது. டூல் ரூமில் பத்து வருஷம் சரியையும் தப்பையும் பிரித்தவன், எவ்வளவு தப்பாக இருந்தால் போதும் என்று அன்று கணக்காகத் தெரிந்து தட்டினேன்.

அன்றைக்கே ஜனம் தவறவிட ஆரம்பித்தது. நாலு, ஐந்து, அபூர்வமாக ஏழு. சீப்பும் சோப்பு டப்பாவும் போயின, டம்ளர்கள் நின்றன. தவறவிட்டவர்கள் ரோஷத்தில் மறுபடி சுட்டார்கள். கூட்டம் குறையவில்லை, கூடியது. பின்னால் கோணி என்பதால் குண்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. "ஜனத்துக்கு இன்னா ஆச்சி?" என்று என்னைக் கேட்டாய். ஆடிக் காற்று என்றேன். இந்தத் தூரத்துக்குக் காற்று ஒன்றும் செய்யாது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுப் பலூன் கட்டப் போனாய்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் டூல் ரூம் ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். உன் கைவண்ணத்தைக் காட்டு என்றார்கள். நீ சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றாய். நான் பம்ப் அடித்தேன். என் கை எண்ணிக்கை தவறியது, திரும்ப அடித்தேன். முதல் குண்டு தப்பியது. இரண்டாவதும் தப்பியது. பத்து முடிந்தபோது மூன்று பலூன்தான் உடைந்திருந்தது. "கெயவனாயிட்டே மச்சான்" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பாசமாகத்தான் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாய்.

"காலைல பாத்தியா மாமே?"

"பாத்தேன்."

"சரியா கீதா?"

அந்த இடத்தில் நான் நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். கூட்டம் இருந்தது, கேலி இருந்தது, சிமிழ் விஜயாவின் முந்தானையில் இருந்தது. இப்போது காரணம் எத்தனை வேண்டுமானாலும் சொல்வேன். அன்று சொன்னது இதுதான். "சரியாத்தான் கீது."

நீ துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. உன் உள்ளங்கையால் வலது கண்ணை மூடிப் பார்த்தாய், பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தாய். பிறகு போய்ப் பலூன் கட்டினாய்.

திருவிழா முடிந்ததும் குறிமுள்ளை நிமிர்த்திவிட்டு, உன்னைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். கடைசி நாள் மழை கொட்டியது. எல்லாவற்றையும் சாக்கில் சுருட்டி உன் வீட்டுப் பரணில் போட்டோம். பத்து நாளில் கம்பெனி திறந்துவிட்டது. முதல் நாள் டூல் ரூமுக்குள் நுழைந்தேன், உன் மெஷினில் வேறு ஒருவன் நிற்கிறான். நீ எனக்கு முன்பே ஃபோர்மேனிடம் போய், கண் சரியில்லை, ஸ்டோருக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டு மாற்றல் வாங்கிவிட்டிருக்கிறாய்.

ஓடி வந்து உன்னைத் திட்டினேன். "உனக்குப் பைத்தியமா? கண்ணுக்கு இன்னா?" என்றேன்.

"உடு மாமே. தப்பா ஒண்ணு தேய்ச்சி வந்து, அதை நீ தப்புன்னு எய்தணும். அது எதுக்கு ரெண்டு பேருக்கும்?" என்றாய்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாய். மறுநாள் சொன்னால் ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்பாய். ஒவ்வொரு நாளும் இப்படி ஒரு நாள் கூடியது. தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனி மூடும்வரை நீ ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று டிரில்லும் எண்ணெய்த் துணியும் எடுத்துக் கொடுத்தாய். நான் தினமும் அந்த ஜன்னலைக் கடந்து போனேன். ஒரு தடவை ஒரு டை, தகடு வெட்டும் நுணுக்கமான அச்சு, யார் கைக்கும் வராமல் ஃபோர்மேன் உன்னிடம் வந்து நின்றார். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முடியாது என்று தலையாட்டியதை நான் என் மேஜையிலிருந்து பார்த்தேன். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. நீ வந்து என் டப்பாவைத் திறந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாய்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நான் விஜயாவுடன் உட்கார்ந்திருந்தேன். அந்தத் துப்பாக்கிகளைப் பற்றி அவளாகத்தான் பேச்செடுத்தாள். பரணைக் காலி செய்தபோது காயலான் கடைக்குப் போட்டுவிட்டாளாம், வருஷக்கணக்காகிறதாம். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள்.

"திருவிழா முடிஞ்ச வாரமே கண்ணு டாக்டராண்ட போனாருண்ணா. நானும் கூடப் போனேன். டாக்டரு பாத்துட்டு, கண்ணு பஸ்ட் கிளாஸா கீதுன்னுட்டாரு. ஊட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கையையே பாத்துகினு இருந்தாரு. கண்ணு இல்லன்னா அப்ப கைதான் போச்சி போலன்னாரு. துப்பாக்கிய ஒருவாட்டி அளந்து பாரேன்னு சொன்னேன். அவன் பாத்துட்டான், அப்பறம் நான் எதுக்குப் பாக்கணும்னாரு."

ஃபோர்மேனிடம் கண் என்று சொன்னாய். கெட்டது கைதான் என்று நம்பிக்கொண்டே அப்படிச் சொல்லியிருக்கிறாய். கை போய்விட்டது என்று சொல்ல உனக்கு வாய் வந்திருக்காது. கண்ணைச் சந்தேகப்பட்டாய், கண் நன்றாக இருக்கிறது என்றதும் கையைச் சந்தேகப்பட்டாய். மூன்றாவதாக ஒன்று இருக்கிறதே என்று உனக்குக் கடைசிவரை தோன்றவில்லை.

நான் விஜயாவிடம் சொல்லிவிட்டேன். தட்டியதை, எதற்குத் தட்டினேன் என்பதை, நீ கேட்டபோது என்ன சொன்னேன் என்பதை, எல்லாம். அவள் அழவில்லை. சிமிழைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. "அன்னிக்கே சொல்லிருந்தா உன்னக் கண்டபடி திட்டிருப்பாரு. ரெண்டு நாளு பேசாம இருந்திருப்பாரு. அவ்ளோதாண்ணா" என்றாள். பிறகு எழுந்துபோய் எனக்குக் காபி கலந்து கொண்டுவந்தாள்.

அவ்வளவுதானாம். இரண்டு நாள். அதற்குப் பயந்துகொண்டு நான் உன் மெஷினை உன்னிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

இப்போது எழுதுகிறேன், நான் எழுத வேண்டியதைக் காலம் கடந்து எழுதுகிறேன். குழல் நேராக இருந்தது. வால்வு கசியவில்லை. உன் கண்ணில் குறை இல்லை, உன் கையில் குறை இல்லை. அளந்தவன் பொய் சொன்னான். இதைப் படித்துவிட்டு நீ என்னைக் கண்டபடி திட்டுவாய் என்றால், அதற்கு என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். நீ ஐந்து மாதமாக என்னோடு பேசவில்லை. அது என்மேல் இருக்கும் கோபத்தால் இல்லை, என்னை நம்பியபடியே போய்விட்டாய். அதைத்தான் என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.